குற்றாலமும் கடைசிப் பேருந்தும்

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொட்டதும் திருவனந்தபுரத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா? சாலைக் கம்போளத்தின் தமிழ் வணிகர்களும், தம்பானூரில் தேநீர் ஆற்றுபவர்களும், விடுதி மாணவர்களும், அலுவலக ஊழியர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது இதுதான். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு கேள்வி போதும். பேருந்தை நம்பிப் போகிறவருக்கு இன்னொன்றும் உண்டு: குளித்துவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பப் பேருந்து கிடைக்குமா? முதல் கேள்விக்கு வானம் விடை சொல்லிவிடும். இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டியவை இரண்டு மாநில அரசுகள். சுற்றுலா வளர்ச்சியைப் பற்றிய பேச்சில் வாகன நிறுத்தம், விடுதி, நீரூற்று, வண்ண விளக்கு எல்லாம் வருகின்றன. திரும்பும் பேருந்து மட்டும் வருவது அரிது. ஆனால் குற்றாலம் நடைமுறையில் யாருக்கு உரியது என்பதை அந்தக் கடைசிப் பேருந்தே தீர்மானிக்கிறது.

வழியிலிருந்து தொடங்கலாம். திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தம்பானூர் பேருந்து நிலையத்திலிருந்து நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு, புளியரை, செங்கோட்டை வழியாகத் தென்காசி செல்கிறது சாலை. மொத்தம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலைப்பாதையும் வளைவுகளும் சேர்ந்து பயணத்தை நான்கு மணி நேரம் வரை இழுத்துவிடும். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டரளவே; நகரப் பேருந்துகள் உண்டு. ரயிலில் போக விரும்புகிறவர் முதலில் வடக்கே கொல்லம் சென்று, அங்கிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டைப் பாதையைப் பிடிக்க வேண்டும். அகலப்பாதைப் பணி 2018இல் நிறைவுற்றுப் பாதை முழுவதும் திறக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. என்றாலும் தலைநகரிலிருந்து குற்றாலத்துக்கு நேர்வழி இன்றும் பேருந்து வழியே.

இந்த வழியின் இயற்கையைப் புரிந்துகொண்டால் குற்றாலத்தின் இயற்கையும் புரிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குக் காற்றை மறித்து நிற்பதால் மழையின் பெரும்பகுதி கேரளப் பக்கமே பெய்துவிடுகிறது. கிழக்கே உள்ள ஊர்கள் பெரும்பாலும் மழை மறைவில் கிடக்கின்றன. ஆரியங்காவுக் கணவாயில் மலை சற்றுத் தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த இடைவெளி வழியே நுழையும் ஈரக்காற்றுதான் தென்காசி வட்டாரத்துக்குச் சாரலாக வருகிறது. திரிகூட மலையின் உச்சிக் காடுகளில் பெய்யும் மழை சிற்றாறாகத் திரண்டு, அருவிகளாக இறங்கி, தாமிரபரணியில் கலந்து மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. மேகம் கடந்த கணவாய் வழியாகவே சாலையும் போகிறது, இருப்புப் பாதையும் போகிறது. திருவனந்தபுரத்தில் ஏறியவர் ஜன்னலோரம் அமர்ந்தபடியே மழைநாட்டின் ரப்பர்த் தோட்டங்களையும், தென்மலைக் காட்டையும், பதிமூன்று கண் பாலத்தையும் கடந்து, புளியரை எஸ் வளைவில் இறங்கியதும் வயல்வெளியும் பனையுமாக விரியும் வேறொரு நிலத்தைக் காண்கிறார். இந்த நிலமாற்றத்தைக் காண அவருக்கு ஆகும் செலவு ஒரு பயணச்சீட்டு.

அருவி என்று பெயர்பெற்ற இடங்கள் கேரளத்திலும் குறைவில்லை. சாலக்குடி ஆற்றின் அதிரப்பள்ளி எண்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதன் பெருமை கண்ணுக்கு உரியது. கட்டணம் செலுத்தி, நின்று பார்த்துத் திரும்ப வேண்டும். விழும் நீரின் கீழே நிற்க இயலாது. குற்றாலத்தின் தனித்தன்மை அதன் உயரத்தில் இல்லை. பேரருவியின் நீர் நேரே மனிதத் தலையில் வந்து விழுவதில்லை. பாறையின் இடையில் உள்ள பொங்குமாக்கடல் என்னும் ஆழ்ந்த குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து பரந்து இறங்குகிறது. அதனால்தான் குழந்தையும் முதியவரும் அதன் கீழ் நிற்க முடிகிறது. நீரின் கீழ் நிற்க நுழைவுச்சீட்டும் இல்லை. மில் முதலாளியும் அவருடைய காரோட்டியும் ஒரே பாறையில் தோளோடு தோள் உரச நின்று குளிக்கும் இடங்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. அருவிக்கரையில் நிலவும் இந்தச் சமத்துவம் அங்கு வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கிடைப்பது. வந்து சேரும் வழியில் அது கிடைப்பதில்லை.

திருவனந்தபுரத்துக்கும் குற்றாலத்துக்கும் உள்ள உறவு சுற்றுலாத் துறைகள் தோன்றுவதற்கு முந்தியது. திருவிதாங்கூர் அரசர் குடும்பம் தங்குவதற்கென எழுப்பப்பட்ட அரண்மனை குற்றாலத்தில் இன்றும் நிற்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அது கேரள அரசின் உடைமை. குற்றாலம் அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை அடுத்த செங்கோட்டையோ திருவிதாங்கூரின் ஒரு தாலுகா. 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் அரசுப் பேருந்துச் சேவையைத் தொடங்கிவைத்தபோது, செங்கோட்டை வரை ஒரே அரசின் நிலமாக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழ் பேசும் ஊர் தமிழ் மாநிலத்தோடு சேர்ந்தது நியாயமே. ஆனால் கோடு போடப்பட்ட பிறகும் இருபுறமும் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். காய்கறியும் அரிசியும் மேற்கே போயின. வேலை தேடியும் மருத்துவம் தேடியும் ஆட்கள் போனார்கள். அரசருக்கு அரண்மனை இருந்தது. அரசரல்லாத மற்ற அனைவருக்கும் இந்த உறவைக் காத்துத் தந்தது பேருந்து.

எல்லை கடக்கும் பேருந்து உள்ளூர்ப் பேருந்தைப் போன்றதன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஒரு மாநிலத்தின் பேருந்து இன்னொரு மாநிலத்தில் ஓட வேண்டுமானால் இரு அரசுகளும் பரஸ்பர ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எந்தத் தடத்தில் எத்தனை நடை என்பது பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. ஆகவே கூட்டம் பெருகும் ஜூலை மாதத்தில் ஒரு பேருந்தைக் கூட்டுவதுகூட ஒரு பணிமனை மேலாளர் தாமாக முடிவெடுக்கும் செய்தியாக இருப்பதில்லை. வாடகைக் கார் சிறப்பு அனுமதியும் வரியும் செலுத்தி அன்றே எல்லையைத் தாண்டிவிடும். ஏழை ஏறும் வண்டிக்கே இரண்டு அரசுகளின் ஒப்புதல் தேவைப்படுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020 மார்ச்சில் நின்றுபோன தமிழ்நாடு, கேரளப் பேருந்துப் போக்குவரத்து 2021 டிசம்பர் 1 அன்றுதான் மீண்டது. ஏறத்தாழ இருபது மாதங்கள். தொடக்க மாதங்களில் எல்லாவற்றையும் நிறுத்தியது தவிர்க்க முடியாதது. ஆனால் தனி வாகனங்கள் இணையத்தில் அனுமதி பெற்று எல்லையைக் கடக்க முடிந்த காலத்திலும், உள்மாநிலப் பேருந்துகள் நிறைந்து ஓடிய காலத்திலும், இரு மாநிலப் பேருந்துகள் எல்லைக்கு முன்பே திரும்பிக்கொண்டிருந்தன. அருவிகளும் பெரும்பாலும் மூடிக்கிடந்த காலம் என்பதால் குளியலை இழந்தது சிறிய செய்தி. மறுபுறம் இருந்த தாயைப் பார்க்கவும், வேலைக்குப் போகவும், மருத்துவமனைக்குப் போகவும் பேருந்தை நம்பியவர்கள் இழந்தது பெரிது. குற்றாலப் பேருந்து என்று ஒன்று தனியாக இல்லை என்பதை இது நினைவூட்டுகிறது. அருவிக்குப் போகிறவரும் நோயாளியும் மூட்டையோடு போகும் வியாபாரியும் ஒரே வண்டியில்தான் ஏறுகிறார்கள். அது நின்றால் அனைவருக்கும் நிற்கும். ஓடினால் அனைவருக்கும் ஓடும்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழுவது இயல்பு. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021 இறுதியிலிருந்து பட்ஜெட் சுற்றுலா என்ற பெயரில் பணிமனைகளிலிருந்து சுற்றுலாப் பேருந்துகளை இயக்கி வருகிறது, குறைந்த கட்டணத்தில் மூணாறு, கவி, மலக்கப்பாறை எனப் பல இடங்களுக்கு மக்கள் போய் வருகிறார்கள், அது போதாதா? அந்த முயற்சி பாராட்டத்தக்கது. வாழ்நாளில் மலையே ஏறாத பல குடும்பங்களை அது மலைக்குக் கூட்டிச்சென்றிருக்கிறது. நட்டத்தில் தவிக்கும் கழகத்துக்குச் சிறிது வருவாயும் தந்திருக்கிறது. ஆயினும் சுற்றுலாப் பேருந்து குறித்த நாளில், குறித்த ஆட்கள் சேர்ந்தால், குறித்த இடங்களுக்கு மட்டும் போவது. அருவியோ முன்பதிவுக்குக் கட்டுப்படாதது. செவ்வாய்க்கிழமை நல்ல நீர் விழும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளம் வந்து குளிக்கத் தடை விழும். விடுப்பு கிடைத்த நாளில், கையில் காசு இருக்கும் நாளில், தண்ணீர் விழும் நாளில் தாமே புறப்பட முடிவதுதான் பயணம் செய்யும் உரிமை. கார் உள்ளவர் அந்த உரிமையை இயல்பாகவே அனுபவிக்கிறார். மற்றவர்க்கு அதைத் தருவது அட்டவணைப்படி ஓடும் சாதாரணப் பேருந்து ஒன்றே.

குறைந்த செலவில் போகிறவரின் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் புறப்பட்டால் முற்பகலில் அருவியடியில் நிற்கலாம். கட்டுச்சோறு கையில் உண்டு. பேரருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒரு குளியல், குற்றாலநாதர் கோயிலில் ஒரு வணக்கம், சித்திரசபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தல், பிள்ளைகளுக்கு ரம்புட்டானோ மங்குஸ்தானோ ஒரு பொட்டலம். மாலையில் வண்டி ஏறினால் இரவு வீடு. இக்கணக்கில் பேருந்துக் கட்டணமும் பழச்செலவும் மட்டுமே உண்டு. திரும்பும் வண்டி தவறினாலோ, நிறைந்து நிற்காமல் போனாலோ, கணக்கில் ஓர் அறை வாடகை சேர்கிறது. சீசன் நாட்களில் குற்றாலத்து அறை வாடகை எப்படி ஏறும் என்பது போய் வந்தவர் அனைவரும் அறிந்தது. மறுநாள் கூலியும் போகிறது. ஒரு நாள் பயணம் ஒரு வாரச் சம்பளத்தைத் தின்றுவிடும். அதனால்தான் பலர் இரண்டு மணிக்கே அருவியை விட்டு எழுந்து தென்காசிக்கோ செங்கோட்டைக்கோ ஓடுகிறார்கள். வேறு பலர் வீட்டை விட்டே புறப்படுவதில்லை. கடைசிப் பேருந்தின் நேரம் ஒருவர் எவ்வளவு நேரம் குளிக்கலாம் என்பதை மட்டும் முடிவு செய்வதில்லை. அவர் குளிக்கவே வரலாமா என்பதையும் முடிவு செய்கிறது.

பெண்களுக்கு இக்கணக்கு இன்னும் கடினமானது. அறை எடுத்தவர் அறையில் உடை மாற்றலாம். காரில் வந்தவர் பொருட்களைக் காரில் பூட்டிவிட்டு நனையலாம். பேருந்தில் வந்த பெண்ணுக்குப் பையை வைக்க இடம் வேண்டும். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். நான்கு மணி நேரப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சுத்தமான கழிப்பறை வேண்டும். குற்றாலத்தில் பெண்கள் குளிக்கத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதும் உடை மாற்றும் அறைகள் கட்டப்பட்டிருப்பதும் நல்லவையே. அவை கூட்ட நாட்களில் போதாமல் போவதும், வழியிலுள்ள பேருந்து நிலையங்களின் கழிப்பறைகள் நிலையும் தனியே பேசப்பட வேண்டியவை. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. பெண்கள் வெளியே செல்வது அரசு ஆதரிக்க வேண்டிய பொதுநன்மை என்னும் கொள்கையை அத்திட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மாநில எல்லை கடக்கும் பேருந்துக்கு அத்திட்டம் பொருந்தாது. ஆனால் அந்தக் கொள்கை எல்லையில் நின்றுவிட வேண்டியதில்லை.

பாதுகாப்பு அடுத்த செய்தி. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மேலே காட்டில் கொட்டிய மழை, கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நீராக வந்துவிடும் என்பதே இத்தகைய அருவிகளின் ஆபத்து. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் விழுந்தால் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. தடை சரியானது, அதை மீறத் துடிப்பவரைத் தடுக்கும் காவலரும் சரியே. ஆனால் தடைச் செய்தி யாரை எப்போது எட்டுகிறது என்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதி. நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்து, தடைக் கயிற்றின் முன் பிள்ளைகளோடு நிற்கும் ஒருவர், காரில் வந்தவரைப் போல் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. அவரே தடை நீங்கும்வரை ஓரத்தில் காத்திருப்பவர். ஆள் அதிகமில்லாத ஓடையைத் தேடிப் போகத் தூண்டப்படுபவரும் அவரே. விடிகாலையில் தம்பானூரிலும் நெடுமங்காட்டிலும் குளத்துப்புழையிலும் “இன்று குளிக்கத் தடை” என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை இருந்தால், அவர் வண்டி ஏறாமலே வீடு திரும்பியிருப்பார். இதற்கு ஆகும் செலவு ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு சுண்ணக்கட்டியும்.

சுற்றுச்சூழலை முன்னிறுத்தும் மறுப்பு இன்னும் கனமானது. குற்றாலம் ஏற்கெனவே நெரிசலில் திணறுகிறது. எண்ணெயும் சோப்பும் சீயக்காயும் ஆற்றில் கலந்ததால்தான் நீதிமன்றம் தலையிட்டு அவற்றைத் தடுக்க நேர்ந்தது. பேருந்தை அதிகரித்தால் கூட்டமும் குப்பையும் பெருகாதா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மலையும் காடும் இல்லையேல் அருவியும் இல்லை. ஆனால் நெரிசலை அளக்கும்போது ஆட்களை மட்டும் எண்ணி வண்டிகளை எண்ணாமல் விடுவது தவறான கணக்கு. ஒரு பேருந்தில் ஐம்பது பேர் வருகிறார்கள். அதே ஐம்பது பேர் நால்வர் நால்வராகக் காரில் வந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று கார்கள். மலைப்பாதையில் புகைவதும், அருவிச் சாலையை அடைப்பதும், நிறுத்துமிடத்துக்காக நிலத்தைக் கேட்பதும் இந்தக் கார்கள்தாம். கூட்டத்தைக் குறைக்க வேண்டிய நாள் வந்தால், முதலில் குறைய வேண்டியவை சீசன் நாட்களில் ஊருக்குள் நுழையும் தனி வண்டிகள். தென்காசியிலும் செங்கோட்டையிலும் அவற்றை நிறுத்திவிட்டு அனைவரும் நகரப் பேருந்தில் அருவிக்குப் போகலாம். இது புதிய யோசனையன்று. இதே வழியில், ஆரியங்காவை அடுத்த பாலருவியில், வருகிறவர்களை வாயிலில் இறக்கி வனத்துறை வண்டியில்தான் உள்ளே அழைத்துச்செல்கிறார்கள். அங்கே காரில் வந்தவரும் பேருந்தில் வந்தவரும் ஒரே இருக்கையில் அமர்கிறார்கள். காட்டுக்கும் அதுவே நல்லது.

இவ்வளவு பேச்சுக்குப் பின் கேட்கப்படுவது மிகச் சிறியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, திருவனந்தபுரம், தென்காசித் தடத்தில் மாலை இருட்டிய பிறகு இரு திசைகளிலும் உறுதியாகப் புறப்படும் ஒரு பேருந்து. சீசனுக்கு மட்டும் நடைகளைக் கூட்டவும் குறைக்கவும் இரு கழகங்களுக்கும் முன்கூட்டியே தரப்பட்ட ஒப்புதல். வழியிலுள்ள நிலையங்களில் இருமொழியில் அருவி நிலவரமும் கடைசிப் பேருந்து நேரமும். குற்றாலத்தில் பேருந்துப் பயணிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பொருள் வைப்பறையும் போதிய உடை மாற்றும் அறைகளும். இவற்றில் எதற்கும் மலையைக் குடைய வேண்டியதில்லை. ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. தமிழ்நாடும் கேரளமும் ஒன்றோடொன்று பேசும் செய்திகளில் முல்லைப்பெரியாறும் கழிவு லாரிகளும் அடிக்கடி அடிபடுகின்றன. எளிய மக்கள் இருபுறமும் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு பேருந்துத் தடத்தைப் பற்றியும் இரு அரசுகளும் ஒருமுறை அமர்ந்து பேசலாம்.

குற்றாலத்துக்கு இலக்கியத்தில் நிலையான பெயரைத் தந்த திரிகூடராசப்பக் கவிராயர், அந்த மலையின் வளத்தை ஓர் அரசன் வாயாலோ புலவன் வாயாலோ சொல்லவைக்கவில்லை. ஊர் ஊராக நடந்து குறிசொல்லிப் பிழைக்கும் குறத்தியைச் சொல்லவைத்தார். மலையை முழுதறிந்தவள் அவளே என்று அவர் கருதியிருக்க வேண்டும். இன்று அவளுடைய இடத்தில் இருப்பவர்கள் துணிப்பையில் மாற்றுடையும் தூக்குப் போணியில் சோறும் எடுத்துக்கொண்டு விடியலில் தம்பானூரில் வரிசையில் நிற்பவர்கள். குற்றாலம் தங்களுடையதும்தான் என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை மெய்யாவதற்கு, மாலையில் அவர்களைத் திரும்ப அழைத்துவர ஒரு பேருந்து வேண்டும்.